ஞாயிற்றுக்கிழமை மூக்கு

"ஊது" என்றார் தணிகாசலம். பையன் ஊதினான். கன்னத்தில் வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது, மீசை முடி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். வழக்கம்போலக் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் செய்வதுபோல. அதில் ஒரு கௌரவம் இருந்தது, பையன்கள் பயந்தார்கள். "போ." பையன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு விடுதிக்குள் போனான். அவன் பீர் குடித்திருந்தானா, பிரியாணி தின்றிருந்தானா, காலையிலிருந்து பல்லே விளக்கவில்லையா, தணிகாசலத்துக்குத் தெரியாது. போன வருஷம் வந்த காய்ச்சல் அவருடைய வாசனையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு அதே இடத்தில் இருக்கிறது, கண்ணாடியைத் தாங்குகிறது, வெயிலில் வியர்க்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை. "வந்துரும் சார், சில பேருக்கு லேட்டாகும்" என்று சொன்ன டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. பொறியியல் கல்லூரியின் ஆண்கள் விடுதிக்கு வார்டன், ஞாயிறு சாயங்காலம் ஊருக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருத்தன் வாயையும் மோந்து பார்த்து உள்ளே விடவேண்டியவர், அவருக்கு மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் ஒன்று. "ஊது." அடுத்தவன் ஊதினான். இவன் கொஞ்சம் எச்சில் தெறிக்க ஊதினான். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "போ."

வாசலுக்குப் பக்கத்தில் பெரிய பலகை. வளாகத்தில் புகை பிடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, போதைப்பொருள் வைத்திருக்கக் கூடாது. புகைத்தால் அபராதம், அப்பாவைக் கூப்பிடுவார்கள். குடித்திருந்தால் டி.சி. பொட்டலம் கிடைத்தால் போலீஸ். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றுக்கும் மூன்று நிறம் அடித்தது சேர்மனுடைய மருமகன் யுவராஜ். அவர்தான் கரஸ்பாண்டண்ட். பலகை எழுதியவனுக்கு எழுதக் கை வந்தது, ஆனால் யார் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலகையில் இல்லை. அதற்குத் தணிகாசலத்தின் மூக்கு. ஊதிப் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கினார்கள். அது பழுதாகி ரிப்பேருக்கென்று சென்னைக்குப் போனது, அங்கேயே குடியேறிவிட்டது. "மிஷின் எதுக்குங்க, நம்ம வார்டன் சார் இருக்காரே, பஸ் ஸ்டாண்ட்ல அடிச்சவன இங்கிருந்தே புடிச்சிருவாரு" என்றார் யுவராஜ் மீட்டிங்கில். எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். அப்போது மூக்கு இருந்தது. பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அதுகூட அப்போது பிடித்திருந்தது. இப்போது யாராவது அந்தப் பெயரை மாடியிலிருந்து கத்தினால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "ஊது. சத்தமா ஊத வேண்டாம், பலூனா ஊதறே? வாயத் திறந்து மெதுவா விடு." எத்தனை அதிகாரமாகச் சொல்கிறேன், எதற்காகச் சொல்கிறேன். மெதுவாக விட்டால் மட்டும் என்ன வரப்போகிறது.

காய்ச்சலுக்குப் பிறகு இத்தனை மாதமும் சென்னியப்பன்தான் காப்பாற்றினான். வாட்ச்மேன். அவனுக்கே தெரியாமல் காப்பாற்றினான். வரிசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். ஊதுகிற பையனிடம் சிகரெட் வாடை இருந்தால் சென்னியப்பனின் மேல் உதடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சாராய வாடை என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்ப்பான். ஒன்றுமில்லை என்றால் காது குடைவான். பையனைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சென்னியப்பனைப் பார்க்கப் பழகிக்கொண்டார் தணிகாசலம். அவன் வேப்பமரத்தைப் பார்த்தால் இவர் பையனை முறைத்து "ம்?" என்பார். பையன் உடைந்துவிடுவான். "சார், ஒரே ஒரு பீர் சார், கசின் கல்யாணம் சார், அம்மா மேல சத்தியமா சார்." குழாயடிக்கு அனுப்பி வாய் கொப்பளிக்க வைத்து, திட்டி, உள்ளே விடுவார். ஆபீசுக்குப் பெயர் எழுதிக் கொடுத்ததில்லை. எப்படி எழுதுவது? அடுத்தவன் மூக்கை நம்பி ஒருத்தன் படிப்பைக் கெடுப்பதா? அந்தச் சென்னியப்பன் இன்றைக்கு லீவு. மகள் பிள்ளைக்குக் காது குத்து. "போய்ட்டு வெள்ளனே வந்தர்றனுங்க சார், நீங்க ஒண்டியாவே பாத்துக்குவீங்கல்ல, உங்களுக்கென்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். உங்களுக்கென்னுங்க. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. காலியான ஸ்டூலைத் தாம் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டதைத் தணிகாசலம் கவனித்தார். பையன்களும் கவனித்திருப்பார்களோ?

"போ. நீ வா." போன வெள்ளிக்கிழமை யுவராஜ் கூப்பிட்டுவிட்டிருந்தார். ஏ.சி. அறை. உட்காரச் சொல்லவில்லை, பிறகு சொன்னார். "என்ன சார், ஒரு வருஷமா ஒருத்தன்கூட மாட்டல? பசங்க எல்லாம் சாமியாராயிட்டானுங்களா?" தணிகாசலம் சிரிக்க முயன்றார். "பக்கத்து காலேஜ்ல போன மாசம் மூணு பேருக்கு டி.சி. பேப்பர்ல வந்துச்சு. பேரண்ட்ஸ் எல்லாம் என்ன சொல்றாங்க தெரியுமா, அங்க ஸ்ட்ரிக்ட்டுனு சொல்றாங்க. அட்மிஷன் சீசன் வருது சார். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒருத்தனாவது வேணும். கணக்கு டிபார்ட்மெண்ட்ல உங்களுக்கு கிளாஸ் எவ்வளவு கம்மியாயிருச்சுன்னு எனக்குத் தெரியும், வார்டன் போஸ்ட்டுங்கிறதாலதான் உங்களத் தொந்தரவு பண்ணாம வெச்சிருக்கோம்." ஒருத்தனாவது வேணும். கறிக்கடையில் கேட்கிற மாதிரி. யார் குடித்தான் என்று கேட்கவில்லை, எவன் கிடைப்பான் என்று கேட்டார். விதி எதற்கு என்று போட்டார்களோ தெரியாது, இப்போது விதிக்குத் தீனி வேண்டியிருக்கிறது. "ஊது." இவனைக் கொடுக்கலாமா? ஒல்லியாக, கழுத்தில் கறுப்புக் கயிறு, கண் சிவந்திருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வந்தால் எல்லாருக்கும் கண் சிவக்கும். வாயில் ஏதோ மென்றுகொண்டிருக்கிறான். "என்னடா மெல்றே?" "சோம்பு சார். ஓட்டல்ல குடுத்தாங்க." சோம்பு எதற்காக மென்றான்? சாப்பிட்டதற்கு மெல்லக் கூடாதா? மனைவி பூங்கோதை, இருந்தவரை தினமும் மெல்லுவாள். "போ, துப்பிட்டுப் போ." எதற்குத் துப்பச் சொன்னேன்.

பூங்கோதைக்கு மூக்கு இருந்தது. அவளுடைய மூக்குக்கு முன்னால் மோப்பம் என்ற பெயரெல்லாம் அவருக்குச் சேர வேண்டியதே இல்லை. ஸ்டாஃப் ரூமில் யாரோ நீட்டினார்கள் என்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, கொய்யா இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமல், "எத்தனை?" என்பாள். அவ்வளவுதான் கேட்பாள். "ஒண்ணு" என்பார். "சட்டையக் கழட்டிப் போடுங்க." விதியும் கிடையாது, பலகையும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஒரு கேள்வி, ஒரு சட்டை. சிகரெட் தானாக நின்றுபோனது, எப்போது நின்றது என்றுகூட ஞாபகமில்லை. அவள் போன பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியை அடிக்கடி திறக்காமல் வைத்திருந்தார். திறந்தால் உள்ளே இருக்கிற வாசனை போய்விடும் என்று பயம். பட்டுப்புடவை, ரசகற்பூரம், வெட்டிவேர், அவளும் கொஞ்சம். கருமி காசைப் பார்ப்பதுபோல எப்போதாவது மூடியை லேசாகத் தூக்கி, முகத்தை உள்ளே விட்டு, உடனே மூடிவிடுவார். அவ்வளவு சிக்கனமாக வைத்திருந்தார். இப்போது திறந்தே வைத்தாலும் ஒன்றுதான். வாசனை அங்கேதான் இருக்கும், அவர்தான் இல்லை. சே, இதையெல்லாம் இப்போது எதற்கு. "ஊது." கேஸ் அடுப்பை மூடினோமா? காலையில் மூன்று தரம் திருகிப் பார்த்தோம். குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறவன், கசிந்தால் தெரியாது, விளக்கைப் போட்டால் முடிந்தது. அதை நினைத்தே காப்பி போடுவதை விட்டாயிற்று. குடித்தாலும் நாக்குக்கு அது சுடுதண்ணீர்தான். குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொன்னால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தம்பி வீட்டு மாடியிலா? "போ."

வரிசை நீளமாக இருந்தது, வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. டீக்கடையில் அடுக்கியிருக்கிற சிகரெட் பாக்கெட்டுகளை இங்கிருந்தே எண்ணலாம். கடை நிற்கிற இடம் சேர்மனுடைய மைத்துனருடையது, வாடகை வருகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிடித்தால் அபராதம், அந்தப் பக்கம் பிடித்தால் வாடகை. காலேஜ் பஸ் டிரைவர்கள் அங்கேதான் நின்று ஊதுகிறார்கள், அவர்களை யாரும் ஊதச் சொல்வதில்லை. விடுதிக்குள் என்ன நடக்கிறது? ரூமுக்கு ரூம் ஊதுபத்தி. கதவைத் திறந்தால் கோவில் கர்ப்பக்கிரகம் மாதிரி புகை. முன்பென்றால் ஊதுபத்திக்கு அடியில் ஒளிந்திருக்கிற சிகரெட்டைப் பிரித்தெடுத்துவிடுவார். இப்போது புகை வெறும் புகை. "என்னடா இவ்வளவு பக்தி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார். ஒருவேளை பொட்டலம் புகைக்கிறவன் இருப்பான். உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவன். எந்தக் கதவுக்குப் பின்னாலோ ஒரு பிள்ளை கெட்டுக்கொண்டிருப்பான், அவனைத் தெரியாது. சோம்பு மென்றவன்தான் தெரிகிறான். "ஐயா, நீங்கதான் பாத்துக்கோணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போகிற அப்பாக்கள். என்னத்தைப் பார்ப்பது? பார்க்கலாம். மோக்கத்தான் முடியாது. சொல்லிவிட்டிருக்கலாம். காய்ச்சல் விட்ட வாரமே, எனக்கு வாசனை தெரியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம், செமஸ்டர் முடியட்டும், லீவு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, இப்போது சொன்னால் ஒரு வருஷம் நாடகம் ஆடினாயா என்பார்கள்.

கார் வந்து நின்றது. வெள்ளைக் கார். யுவராஜ் இறங்கினார், பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், ஏதோ கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறார். "என்ன சார், வேட்டை எப்படிப் போகுது?" என்று தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். தோளில் கை போடுகிறவர் இல்லை அவர். வரிசை தானாக நேரானது. "நீங்க பாருங்க சார், நான் சும்மா நிக்கறேன்." சும்மா நிற்கிறார். வயிறு ஒட்டுகிற தூரத்தில் நிற்கிறார். "ஊது" என்றபோது தணிகாசலத்துக்குத் தம் குரலே வேறு யாருடையதோபோலக் கேட்டது. வந்து நின்றவன் நவநீதன். நாலாம் வருஷம் மெக்கானிக்கல், மேட்டூர்ப் பக்கம், அப்பா மீன்பிடிக்கிறவர். மெஸ் சாப்பாட்டில் புழு கிடந்தபோது தட்டைத் தூக்கிக்கொண்டு இதே யுவராஜின் அறை வரைக்கும் போனவன். இன்னும் ஒரு செமஸ்டர். வேலைகூடக் கிடைத்துவிட்டது, ஓசூரில். நவநீதன் ஊதினான். வெதுவெதுப்பு, மீசை அசைவு, ஒன்றுமில்லை. கண்ணை மூடித் திறந்தார். "போ" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "சார், சார், நில்லுங்க" என்றார் யுவராஜ். "அடிக்குதே சார்! குப்புனு அடிக்குது, இங்க வரைக்கும் வருது. என்ன சார் நீங்க, இவனப் போய் போன்னு சொல்றீங்க? எழுதுங்க பேர." "நான் இல்ல சார்" என்றான் நவநீதன். அவன் பார்வை தணிகாசலத்தின் தோளைத் தாண்டி, யுவராஜின் முகத்துக்குப் போய், அங்கே நிற்கப் பயந்து, தரைக்கு வந்தது. "நான் இல்லன்னா வேற யாருடா? தள்ளி நில்லு. அந்தச் சுவத்துகிட்டப் போ. அடுத்தவன் வா."

வாசனை அடிக்கிறது. அது நிச்சயம். காற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது, இங்கே நிற்கிற எல்லாருக்கும் அது தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. யாரிடமிருந்து? இவனிடமிருந்தா? இவன் குடிக்காதவன் என்று எனக்கு என்ன தெரியும்? குடித்திருக்கலாம், வேலை கிடைத்த சந்தோஷம். எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக் கணக்கு தீர்ந்தது. குவார்ட்டர்ஸ் இருக்கும். இவன் மேட்டூருக்குப் போவான், வலையைத் தூக்குவான், ஓசூர்க்காரன் வேறு ஆளை எடுத்துக்கொள்வான். சென்னியப்பா, பாவி மனுஷா, காதை நாளைக்குக் குத்தியிருக்கக் கூடாதா. அடுத்து வந்து நின்றவன் முதல் வருஷத்துப் பிள்ளை, மீசை அரும்பவில்லை. அவன் ஊதுவதற்கு முன்னால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சை இழுத்துக்கொண்டதைத் தணிகாசலம் பார்த்தார். அவன் மேல் உதடு தூக்கிக்கொண்டது. இத்தனை மாதமாகப் பிறர் மூக்கைப் படித்துப் பழகிய கண். நவநீதன் சுவரோரம் போய் நிற்கிறான், காற்று இங்கிருந்து அவன் பக்கமாகத்தான் போகிறது, பிறகு ஏன் இந்தப் பிள்ளை மூச்சை அடக்குகிறான்? அவனுக்குப் பின்னால் நிற்கிறவனும் அடக்குகிறான். அவர்களுக்கு எதிரே நிற்பது இரண்டே பேர். ஒன்று நான். நான் குடிப்பதில்லை.

யுவராஜும் எதையோ உணர்ந்திருக்க வேண்டும். தணிகாசலத்தின் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். "ஏன்டா தம்பி, நீயே சொல்லு, அவன் வாய்ல அடிச்சுதா இல்லையா?" என்று முதல் வருஷத்துப் பிள்ளையைக் கேட்டார். பிள்ளை அவரைப் பார்த்தான், சுவரோரம் நின்றவனைப் பார்த்தான். "எனக்குச் சளி பிடிச்சிருக்கு சார்." "நீ சொல்றா." "எனக்கும் சளி சார்." "நீ?" "மூக்கடைப்பு சார், ரெண்டு நாளா." பின்னாலிருந்து யாரோ தும்மினான். அது நிஜத் தும்மல் இல்லை. இன்னொருத்தன் அதைவிடப் பெரிதாகத் தும்மினான். வரிசை முழுக்க, ரோடு வரைக்கும், ஒருத்தனுக்கும் மூக்கு இல்லை. எல்லாரும் நான் ஆகிவிட்டார்கள் என்று நினைத்தார் தணிகாசலம். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இப்படித்தானே நானும் ஒரு வருஷம் நின்றேன். "பாத்தீங்களா சார், ரவுடிப் பசங்க, காட்டிக் குடுக்க மாட்டானுங்க" என்றார் யுவராஜ். "நீங்க சொல்லுங்க. உங்க மூக்குதான் இந்தக் காலேஜுக்கே மூக்கு. அடிக்குதா இல்லையா?"

"அடிக்குதுங்க" என்றார் தணிகாசலம். சுவரோரம் நவநீதனின் தலை தொங்கியது. "அவன்கிட்ட இல்லீங்க. உங்ககிட்டேர்ந்து அடிக்குது." சொல்லிவிட்டுத்தான் சொன்னது காதில் விழுந்தது. கண்ணை மூடித் திறந்தார், பழக்கதோஷம். யாரும் தும்மவில்லை. யுவராஜின் நெற்றியில் சந்தனத்துக்கு மேலே வியர்வை கோடாக இறங்கியது. "என்ன சார் பேசறீங்க? இருமலுக்குச் சிரப் குடிச்சேன் சார். கல்யாண வீட்ல ஏ.சி.யில உக்காந்து..." "சிரப்பா இருக்கும்ங்க" என்றார் தணிகாசலம். "பையன்கிட்ட சிரப் வாசனைகூட இல்லீங்க." தாம் பேசுவது தமக்கே பயமாக இருந்தது. ஒரு பிடி வாசனைகூட இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு துல்லியமாகப் பேச முடிகிறது. பொய்யான மூக்கால்தான் இதைச் சொல்ல முடிந்திருக்கிறது. உண்மையான மூக்கு இருந்த காலத்தில் இதை மோந்திருப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்திருப்பார். "நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வாங்க. குவார்ட்டர்ஸ் சாவியும் கொண்டு வாங்க" என்றார் யுவராஜ், பையன்களுக்குக் கேட்காத குரலில். கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

கார் திரும்பி ரோட்டில் ஏறுகிறவரைக்கும் வரிசை அப்படியே நின்றது. நவநீதன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவன் போகவில்லை, நின்றான். "தேங்க்ஸ் சார்." போ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. முதல் வருஷத்துப் பிள்ளையின் மேல் உதட்டை மட்டும் நம்பி ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்லியாயிற்று, வேலையும் போயிற்று. தப்பாகப் படித்திருந்தால்? தெரிந்தாக வேண்டும், யாரிடமாவது கேட்டாக வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்ப்பா" என்றார், "நிஜமாவே அவர்கிட்டேர்ந்துதானே வந்துச்சு?" நவநீதன் சிரித்தான், சார் ஜோக் அடிக்கிறார் என்று. பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக இறங்கியது. கண்கள் அவருடைய மூக்குக்கு வந்தன, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன. "சார், உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன், பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று நிறுத்திக்கொண்டான். அரை அடி பக்கத்தில் வந்தான். "ஆமா சார். அவர்கிட்டதான் ஜாஸ்தி." குழாயடிப் பக்கம் பார்த்தான். "என்கிட்டயும் கொஞ்சம் இருக்கு சார்."

தணிகாசலத்துக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அறைய ஓங்குகிற கை எந்தக் காரணத்தைச் சொல்லி ஓங்கும் என்று தெரியவில்லை. அவன் சொல்லாவிட்டால் சாகும்வரை தெரிந்திருக்காது. சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை, உள்ளே போயிருக்கலாம். "எத்தனை?" என்று கேட்டார். "ஒண்ணு சார்" என்றான் நவநீதன். குழாயடியைக் கையால் காட்டினார். அவன் போனான். முதல் வருஷத்துப் பிள்ளை இன்னும் ஊதாமல் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்குத்தான் சளியாச்சே" என்றார் தணிகாசலம். "உள்ள போ."